ஏறுவது எளிது; இறங்குவதே கலை

பாரதப் போரின் பதின்மூன்றாம் நாளிலே அபிமன்யு சக்கரவியூகத்தினுள்ளே புகுந்தான். புகும் வழியை அவன் அறிந்திருந்தான். மீளும் வழியை அறிந்திலன். அவனுடைய வீரத்திலே யாதொரு குறையும் இல்லை. குறை அவன் பெற்ற கல்வியின் பிற்பாதியிலே இருந்தது. வானை நோக்கி எதையேனும் செலுத்திப் பார்க்க விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் இக்கதையை ஒரு முறை நினைத்துக்கொள்ளல் நன்று.

றொக்கெற் என்றவுடன் நம் மனக்கண் முன்னே தோன்றுவது யாது? நெருப்பு, புகை, பேரோசை, மேலெழும் வேகம் என்பனவே. ஏறிய பொருள் என்னவாயிற்று என்று கேட்போர் சிலரே. ஆனால், சிறுவர்கள் கையாலே செய்து பறக்கவிடும் மாதிரி றொக்கெற்றின் வரலாற்றை நோக்கினால், அதன் அறிவும் திறமையும் பெரும்பாலும் இறங்குவதைப் பற்றியனவாகவே இருத்தலைக் காண்போம். அவற்றுள்ளே விந்தையான ஒன்றை, பரசூட் இல்லாமலே சுழன்று சுழன்று தரையிறங்கும் ஒன்றை, இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

ஈர்க்குவாணத்தின் பாடம்

கோயில் திருவிழாக்களிலே ஈர்க்குவாணம் விடுதலை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். மருந்துக் குழாய் ஒரு சாணுக்கும் குறைவு. அதனோடு கட்டிய ஈர்க்கோ அதனிலும் பன்மடங்கு நீளம். இந்த ஈர்க்கு எதற்காக? பிடித்துக்கொள்வதற்காக என்று சில பிள்ளைகள் கூறுவர். அன்று. ஈர்க்கை ஒடித்துவிட்டால் வாணம் மேலே போகாது; தரையிலே நாலாபக்கமும் தாவித் திரியும். வாணத்துக்கு வழிகாட்டுவது அந்த வாலே. தைப்பொங்கற் காலத்திலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்கள் பலவற்றுக்கு வால் கட்டுவதும் ஏறத்தாழ இதே காரணத்தினாலேயாம்.

இதன் தத்துவம் எளிது. பறக்கும் பொருள் ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளிகளை மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அதன் நிறை முழுவதும் ஒருங்கே தாக்குவதாகக் கொள்ளத்தக்க ஈர்வை மையம். அப்பொருளை ஒரு நூலிலே கட்டித் தொங்கவிடும்போது எவ்விடத்திற் கட்டினால் சமனாக நிற்குமோ அவ்விடமே அது. மற்றையது, பக்கத்திலிருந்து மோதும் காற்றின் விசை முழுவதும் ஒருங்கே தாக்குவதாகக் கொள்ளத்தக்க அமுக்க மையம். ஈர்வை மையம் முன்னாலும் அமுக்க மையம் பின்னாலும் இருக்குமாயின், பொருள் சற்றே கோணியவுடன் காற்று அதன் வாலைத் தள்ளி மீண்டும் நேராக்கிவிடும். இவ்வொழுங்கு தலைகீழாக இருக்குமாயின், சிறு கோணல் பெருங் கோணலாகிப் பொருள் கரணமடிக்கும். அம்புக்கு முனையிலே இரும்பும் அடியிலே இறகும் வைத்த நம் முன்னோர், பெயர்கள் அறியாவிடினும் இப்பொருளை அறிந்தே இருந்தனர்.

மாதிரி றொக்கெற்றிலே ஈர்க்குக்குப் பதிலாகச் செட்டைகள் உள. மீனின் செட்டை போல வாற்பக்கத்திலே மூன்றோ நான்கோ ஒட்டப்படும். அவை அமுக்க மையத்தைப் பின்னுக்கு இழுத்து வைக்கின்றன. குழாயின் விட்டத்தளவேனும் ஈர்வை மையம் அமுக்க மையத்துக்கு முன்னே இருத்தல் வேண்டும் என்பது இக்கலையிலே வழங்கும் விதி.

1957ஆம் ஆண்டு

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் நாடு முதலாவது செயற்கைச் சந்திரனை வானிலே செலுத்திற்று. அமெரிக்க நாட்டுச் சிறுவர்களுக்கு றொக்கெற் ஆசை அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. அதன் பின்னரோ அது பெருந்தீயாய் மூண்டது. வீட்டின் நிலக்கீழறைகளிலும் பின்வளவுகளிலும் இரும்புக் குழாய்களிலே கைக்கெட்டிய மருந்துகளை எல்லாம் அடைக்கலாயினர். விரல்களை இழந்தோர் உளர். கண்களை இழந்தோர் உளர். உயிரையே இழந்தோரும் உளர். ரெக்சாஸ் மாநிலத்துப் புளொய்டாடா என்னும் சிற்றூரிலே, அதே 1957ஆம் ஆண்டில், மாணவருக்குக் காட்டுவதற்கென ஆயத்தஞ் செய்யப்பட்ட றொக்கெற் வெடித்து விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் உயிர் துறந்தார். பிள்ளைகளின் ஆர்வத்தை மதித்த ஓர் ஆசிரியருக்கு நேர்ந்த முடிவு அது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அச்செய்தியை எளிதிற் கடந்து செல்ல முடியாது.

அக்காலத்திலே ஹரி ஸ்ரைன் என்பவர் நியூ மெக்சிக்கோ மாநிலத்து வைற் சான்ட்ஸ் றொக்கெற் சோதனைத் தளத்திலே பணி புரிந்தவர். பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளும் எழுதுபவர். தளத்திலே கையாளப்படும் பாதுகாப்பு முறைகளைப் பற்றி 1957இன் தொடக்கத்திலே ஒரு சஞ்சிகையில் அவர் எழுதினார். அதனைப் படித்த சிறுவர்கள், தாமும் றொக்கெற் செய்யும் வழியைக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினர். செய்யாதீர் என்றால் ஒளித்துச் செய்வர். செய்யுங்கள் என்றால் மடிந்துபோவர். இவ்விரு முனைக்கும் நடுவே அவர் நின்ற வேளையிலே நெபிராஸ்கா மாநிலத்திலிருந்து ஒரு பொதி வந்து சேர்ந்தது.

அனுப்பியவர் ஓர்வில் கார்லைல்; நோர்போக் என்னும் ஊரிலே பாதணிக் கடை நடத்தியவர். வாணவேடிக்கையிலே அவருக்குப் பெரும் பற்று. அவருடைய சகோதரர் றொபேட் மாதிரி விமானங்களிலே பற்றுடையவர். இருவர் பற்றும் கலந்ததனாலே 1954ஆம் ஆண்டளவில் ஒரு புதுப்பொருள் பிறந்திருந்தது. கடதாசிக் குழாய், மெல்லிய மரச் செட்டை, உள்ளே மடித்து வைத்த ஒரு பரசூட், பின்னால் வாணக்காரர் செய்யும் வகையைச் சேர்ந்த, கழற்றி மாற்றத்தக்க ஒரு சிறு மருந்துக் குழல். உலோகம் எதுவும் இல்லை. பறந்த பொருள் பழுதின்றி இறங்கும். புதிய மருந்துக் குழலை இட்டு மீண்டும் பறக்கவிடலாம்.

கார்லைலின் புதுமை மேலே ஏறியதிலே இல்லை. மேலே ஏறுதலை வாணக்காரர் பல நூற்றாண்டுகளாகச் செய்தே வந்தனர். அவருடைய புதுமை முழுவதும் இரண்டு செய்திகளில் அடங்கும். மருந்தைக் கையாளும் வேலையைச் சிறுவரிடமிருந்து நீக்கித் தொழிற்சாலையிடம் ஒப்படைத்தமை ஒன்று. ஏறியது பத்திரமாக இறங்க வழி செய்தமை மற்றொன்று. ஸ்ரைன் இதன் பெருமையை உடனே உணர்ந்தார். அவ்வாண்டிலேயே மாதிரி றொக்கெற் சங்கம் ஒன்று அமெரிக்காவிலே தோன்றிற்று. மருந்துக் குழல்களைக் கையால் உருட்டிச் செய்வதிலே காலமும் செலவும் மிகுந்தன. டென்வர் நகரிலே வாணத் தொழிற் குடும்பத்திற் பிறந்த வேர்ண் எஸ்ரிஸ் என்பவர் அவற்றை விரைவாகச் செய்யும் ஓர் இயந்திரத்தை அமைத்தார். அதற்கு ‘மேபல்’ என்று பெயர். சில செக்கன்களுக்கு ஒன்றாக அது குழல்களைச் செய்து தள்ளியதாம். 1960களின் தொடக்கத்திலே எஸ்ரிஸின் தொழிற்சாலை கொலராடோ மாநிலத்துப் பென்றோஸ் என்னும் ஊருக்கு மாறிற்று. அங்கிருந்தே பலவகை மாதிரிப் பெட்டிகள் தபால் மூலம் நாடெங்கும் சென்றன.

ஏழு சென்றிமீற்றருக்குள்ளே

மோட்டர் என்று சொல்லப்படும் அந்த மருந்துக் குழலைச் சற்று விளங்கிக்கொண்டால் மேலே சொல்லப்போவன தெளிவாகும். வழக்கமான அளவு 7 சென்றிமீற்றர் நீளம், 18 மில்லிமீற்றர் விட்டம். வெளிக்கூடு கனத்த கடதாசி. அடியிலே களிமண்ணாலான ஒரு சிறு துவாரம். அதற்கு மேலே அழுத்தி இறுக்கிய கருமருந்து; இதுவே உந்துவது. அது ஓரிரு செக்கன்களுக்குள், பெரும்பாலும் ஒரு செக்கனுக்குள், எரிந்து தீரும். அதற்கு மேலே மெதுவாக எரியும் ஒரு படலம். இது உந்துவதில்லை, புகையை மாத்திரம் விட்டுக் காலத்தைக் கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிட்டிகை மருந்து. அது முன்பக்கமாக வெடித்துப் பரசூட்டை வெளியே தள்ளும்.

மோட்டரின் மேலே ‘ஏ 8-3’ என்றவாறு ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து மொத்தக் கணத்தாக்கின் வகுப்பைக் காட்டும். ‘ஏ’ வகுப்பின் மேலெல்லை 2.5 நியூற்றன் செக்கன், ‘பி’ அதன் இரு மடங்கு, ‘சி’ அதனினும் இரு மடங்கு. நடுவிலுள்ள எண் சராசரி உதைப்பை நியூற்றனிலே கூறும். இறுதி எண்ணே நம் பொருளுக்கு உரியது. மருந்து எரிந்து தீர்ந்த பின்னர் எத்தனை செக்கன் பொறுத்து முன்வெடி நிகழும் என்பதை அது சொல்லும். அந்தச் செக்கன்களிலே றொக்கெற், எறிந்த கல்லைப் போலத் தன் வேகத்தினாலேயே மேலே சென்று, வேகங் குறைந்து, உச்சியை அடைகின்றது. உச்சியிலே வேகம் மிகக் குறைவு. அந்த ஒரு கணத்திலேதான் கதவு திறக்க வேண்டும். முந்தினால் விரையும் காற்று பரசூட்டைக் கிழிக்கும். பிந்தினால் றொக்கெற் தலைகீழாகத் திரும்பி விரையத் தொடங்கிவிடும்.

நன்மையே தீமையாதல்

தலைகீழாகத் திரும்பினால் என்ன என்று கேட்கலாம். மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். 100 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பொருள் காற்றுத் தடையின்றி விழுமாயின், தரையைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு 44 மீற்றர். மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர். காற்றுத் தடையினால் இது குறையும் என்பது மெய்யே. ஆனால் மெல்லிய உடலும் கூரிய மூக்கும் செட்டைகளும் உடைய றொக்கெற்றுக்கு அத்தடை மிகச் சிறிது. அப்படிச் சிறிதாக இருத்தற்காகவே அவ்வுருவம் அதற்குக் கொடுக்கப்பட்டது.

இங்கேதான் இக்கலையின் நுட்பம் மறைந்து கிடக்கின்றது. செட்டைகள் ஏறும்போது றொக்கெற்றை நேராக வைத்திருக்கின்றன. அந்தச் செட்டைகளே இறங்கும்போதும் அதனை நேராக, மூக்குக் கீழாக, அம்பு போல வைத்திருக்கின்றன. ஏறுகையில் எக்குணம் அதனைக் காத்ததோ, அக்குணமே இறங்குகையில் அதனையும் கீழே நிற்போரையும் கெடுக்கின்றது. ஆதலால் பத்திரமாக இறங்க வேண்டுமாயின், தக்க கணத்திலே அக்குணத்தை அழித்தல் வேண்டும். பரசூட் முதலிய எல்லா உபாயங்களும் இவ்வொரு வேலைக்கான பல வழிகளேயாம்.

பரசூட்டை எல்லோரும் அறிவர். நீண்ட நாடாவைப் படபடக்கவிட்டு வேகத்தைக் குறைப்பது இன்னொரு வழி. எஸ்ரிஸின் ஆரம்ப காலத்து ‘ஸ்கவுற்’ என்னும் சிறு றொக்கெற்றிலே இவ்விரண்டும் இல்லை. முன்வெடி நிகழும்போது மோட்டரே சற்றுப் பின்னோக்கித் தள்ளப்படும். அதனோடு ஈர்வை மையமும் பின்னே நகரும். உடனே ஒழுங்கு கெட்டு, றொக்கெற் கரணமடித்துக்கொண்டு மெதுவாக விழும். வேறு எந்தப் பொறியும் இன்றி, ஒரு புள்ளியை நகர்த்துவதனாலேயே காரியத்தை முடித்தல் எத்துணை அழகு!

சுழன்று இறங்கும் றொக்கெற்

இனி நம் விந்தைப் பொருளுக்கு வருவோம். 1960களிலே எஸ்ரிஸ் விற்ற பெட்டிகளுள் ‘ஜைறொக்’ என்பது ஒன்று. இதனைப் பார்த்தவுடன் வழக்கமான றொக்கெற் அன்று என்பது புலப்படும். மெல்லிய குழாயும் மூக்கும் உண்டு. ஆனால் செட்டைகள் அகன்று, சிறகு போலத் தோன்றும். அவற்றின் பின்னோரத்திலே அசையும் மடல்கள் உள. மடல்களை றப்பர் நூல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். குழாயின் அடியிலே மோட்டர் இருக்கும்வரை அதுவே மடல்களைத் தடுத்து நேராக நிறுத்தி வைத்திருக்கும். ஆகவே ஏறும்போது அவை சாதாரணச் செட்டைகள்.

உச்சியிலே முன்வெடி நிகழும். குழாயினுள்ளே தள்ளுவதற்குப் பரசூட் இல்லை, முன்பக்கமும் அடைபட்டுள்ளது. ஆகவே வெடி தன்னைப் பெற்ற மோட்டரையே பின்புறமாக வெளியே உதைத்துவிடும். தடை நீங்கியதும் றப்பர் நூல் மடல்களை மடக்கும். ஒரு செட்டையின் மடல் ஒரு பக்கமும், எதிர்ச்செட்டையின் மடல் மறுபக்கமும் திரும்பும். விழத் தொடங்கும் றொக்கெற்றின் மீது கீழிருந்து மோதும் காற்று அவ்விரு மடல்களையும் எதிரெதிராகத் தள்ள, முழு உடலும் சுழலத் தொடங்கும். சுழலும் சிறகு காற்றிலே ஒரு தட்டைப் போல நின்று விழுகையைத் தடுக்கும். மகோகனி மரத்தின் சிறகு விதை காம்பிலிருந்து கழன்றதும் சுழன்றுகொண்டு மெல்ல இறங்குதலைப் பார்த்தோர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இதே தொழிற்சாலை ‘ஸ்பேஸ் பிளேன்’ என்னும் இன்னொரு பெட்டியையும் விற்றது. அதிலும் உச்சியிலே மோட்டர் வெளியேறும்; அதிலும் மடல்கள் விடுபடும். ஆனால் அங்கே இரு மடல்களும் ஒரே பக்கமாக, மேல்நோக்கித் திரும்பும். அதனாலே அது சுழலாது. ஒரு சிறு விமானமாகி வட்டமிட்டு மிதந்து இறங்கும். இரண்டு மடல்கள் ஒத்த திசையிலே திரும்பினால் மிதப்பு. எதிர்த்திசையிலே திரும்பினால் சுழற்சி. இவ்வளவு சிறிய வேறுபாட்டிலே இரு வேறு பறவைகள் பிறந்துவிட்டன.

செய்யும் முறை

இத்தகைய பெட்டியைத் திறந்தால் கிடைப்பன மிகச் சிலவே: கடதாசிக் குழாய், பல்சா மர மூக்கு, பல்சாத் தகடு, றப்பர் நூல், ஏவுகோலிலே கொளுவுவதற்கு ஒரு சிறு குழற்றுண்டு, குறிப்புத்தாள். விலை குறைந்த பொருள்களே. வேலையோ அவ்வளவு எளிதன்று.

முதலாவது, செட்டைகளை வெட்டுதல். மரத்தின் இழையோட்டம் செட்டையின் முன்விளிம்போடு ஒத்துச் செல்லும்படி அச்சைத் தகட்டின்மேல் வைக்க வேண்டும். குறுக்கே வைத்து வெட்டினால், பறக்கும் வேகத்திலே செட்டை பிஸ்கற்றைப் போல முறிந்துவிடும். வெட்டிய பின் இரு செட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அரத்தாளால் ஒருங்கே தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். சாதாரண றொக்கெற்றிலே செட்டைகளிடையே சிறு பேதம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இதிலே அப்பேதம் சுழற்சியிலே தெரியும். சமனில்லாத பம்பரம் போலத் தள்ளாடும்.

இரண்டாவது, மடல்களுக்குக் கீல் வைத்தல். இரும்புக் கீல் அன்று; ஒட்டப்பட்ட மெல்லிய நாடாத் துண்டே கீல். பசை கீலின் இடுக்கிலே புகுந்து காய்ந்துவிட்டால் மடல் அசையாது. அசையாத மடல் என்றால் சுழற்சி இல்லை. சுழற்சி இல்லையேல் அம்பு. ஆகவே பசை காய்ந்த பின் ஒவ்வொரு மடலையும் விரலாலே தள்ளிப் பார்த்து, தானே சென்று மீள்கின்றதா என்று சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, றப்பர் நூலின் இழுவை. தளர்ந்திருந்தால் காற்றை எதிர்த்து மடலைத் திருப்ப மாட்டாது. மிக இறுகியிருந்தால் மோட்டரையே நெருக்கி, உரிய காலத்துக்கு முன்னே அசைத்துவிடும். மோட்டரும் குழாயினுள்ளே இப்படியே. உதைப்பை எல்லாம் தாங்கும் அளவுக்கு இறுக்கமாகவும், முன்வெடிக்கு வழிவிடும் அளவுக்குத் தளர்வாகவும் இருத்தல் வேண்டும். எத்துணை இறுக்கம் என்று குறிப்புத்தாளிலே எழுதிவிட முடியாது. கைதான் பழக வேண்டும்.

நான்காவது, சோதனை. மோட்டரை உள்ளே வைத்து ஈர்வை மையத்திலே நூலைக் கட்டி, தலைக்கு மேலே சுழற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னாகச் சென்றால் ஏறுதற்குத் தகும். வால் முன்னாகவோ பக்கவாட்டிலோ சென்றால் தகாது, மூக்கிலே சற்று நிறை கூட்ட வேண்டும். பின்னர் மோட்டரை நீக்கிவிட்டு, மடல்கள் மடங்கிய நிலையில் உயரத்திலிருந்து விட்டு, சுழல்கின்றதா என்று பார்க்க வேண்டும். ஒரே பொருள் இரு வேறு தேர்வுகளிலே சித்தியடைய வேண்டும்: மோட்டருடன் நேராகச் செல்லுதல், மோட்டரின்றி நேராகச் செல்லாமை. வழக்கமான றொக்கெற்றைச் செய்வோன் முதலாவது பாடத்தை மாத்திரமே ஆழ்ந்து கற்கின்றான். இதனைச் செய்வோன் இரண்டையும் கற்கின்றான். விந்தையான உருவங்களைச் செய்து பார்ப்பதன் பயன் இதுவே. வழக்கமான உருவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதையும் அவை நமக்குக் கற்பித்துவிடுகின்றன.

பறக்கவிடும்போது கைக்கொள்ளும் விதிகளும் கடுமையானவை. திறந்த வெளி, வரண்ட புல் இல்லாத தரை, ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான ஏவுகோல். திரியைக் கையாலே கொளுத்துதல் அறவே கூடாது. பற்றரியோடு இணைத்த கம்பியின் மூலம், குறைந்தது 5 மீற்றர் தூரத்தில் நின்றே மூட்ட வேண்டும். ஐந்து முதல் ஒன்று வரை உரக்க எண்ணிய பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும்; அதுவும் விளையாட்டன்று, அருகில் உள்ளோர் யாவரும் தலை நிமிர்ந்து பார்க்கும் பொருட்டு. மூண்டெழாவிட்டால் உடனே அருகே ஓடுதல் ஆகாது. இவ்விதிகள் யாவும் 1957இலும் அதன் பின்னரும் சிந்திய இரத்தத்திலிருந்து எழுந்தவை.

பெரியோர் செய்த அதே வேலை

இது சிறுவர் விளையாட்டுத்தானே என்று எண்ணுவோர் உண்டு. ஸ்பெயின் நாட்டு யுவான் டி லா சியர்வா 1923இலே பறக்கவிட்ட ‘ஓட்டோஜைறோ’ என்னும் விமானத்தின் மேற்சிறகு, எந்த இயந்திரமும் சுழற்றாமலே, எதிர்வரும் காற்றினாலேயே சுழன்று அதனைத் தாங்கிற்று. மகோகனி விதைக்கும் ஜைறொக்குக்கும் அது உறவினன். 1999இலே அமெரிக்காவின் மொகாவிப் பாலைவனத்திலே ‘றோற்றன்’ என்னும் பெருங்கலம் ஒன்று சோதிக்கப்பட்டது. விண்வெளிக்குச் சென்று திரும்பும் கலம் தலையிலே சிறகுகளை விரித்துச் சுழன்றவாறே தரையிறங்க வேண்டும் என்பது அதனை அமைத்தோரின் எண்ணம். மூன்று சோதனைப் பறப்புகளின் பின் பணமின்மையால் முயற்சி நின்றுபோயிற்று. பின்னர் 2015 டிசெம்பரிலே ‘பல்கன் 9’ என்னும் றொக்கெற்றின் கீழ்ப்பகுதி, விண்ணிலே ஏறிய பின் திரும்பி வந்து, தன் நெருப்பின் மேலேயே நின்று தரையிறங்கிற்று. உலகம் அன்று வியந்தது ஏறியதையன்று. ஏறுதலை உலகம் அதற்கு முன் பல்லாயிரம் முறை கண்டிருந்தது.

நம் வீடுகளுக்கு

இவற்றை எல்லாம் படித்த மாணவர் சிலர், நாமும் மருந்தடைத்துப் பார்ப்போமா என்று எண்ணலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்தைக் கையாலே கலத்தலும், தீக்குச்சித் தலைகளைச் சுரண்டிக் குழாயில் அடைத்தலும் விஞ்ஞானம் அல்ல. கார்லைல் காட்டிய வழியின் முதற்படியே அதனைக் கைவிடுதல். நம் நாட்டிலே வெடிமருந்துகளைச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றது. தொழிற்சாலையிலே செய்த மோட்டரும், அனுபவமுள்ள பெரியோரின் துணையும், உரிய அனுமதியும் இல்லாத இடத்திலே நெருப்பு வேண்டாம்.

நெருப்பின்றியும் கற்கலாம். 15 சென்றிமீற்றர் நீளமும் 5 சென்றிமீற்றர் அகலமும் உள்ள ஒரு கடதாசித் துண்டை எடுங்கள். மேற்பாதியை நடுவாகக் கீறி இரு சிறகாக்குங்கள். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் மடியுங்கள். அடியிலே ஒரு கடதாசிக் கவ்வியைப் பொருத்தி உயரத்திலிருந்து விடுங்கள். அது சுழன்று இறங்கும். மடித்த திசைகளை மாற்றினால் எதிர்ப்பக்கமாகச் சுழலும். இரு சிறகையும் ஒரே பக்கமாக மடித்தால் அவ்வாறு சுழலாது. சிறகின் நீளத்தைக் குறைத்து, இறங்கும் நேரத்தைக் கடிகாரத்தினாலே அளந்து, கொப்பியிலே குறித்து வையுங்கள். ஜைறொக்கின் இரகசியம் முழுவதும் அந்தத் துண்டிலே உண்டு. மேலே ஏறும் இன்பமும் வேண்டுமென்போர், பிளாத்திக்குப் போத்தலிலே கால்பங்கு நீர் ஊற்றி, சைக்கிள் பம்பினாலே காற்றடைத்துப் பறக்கவிடும் நீர் றொக்கெற்றைப் பெரியோர் முன்னிலையிலே செய்து பார்க்கலாம். அதற்கும் செட்டை வேண்டும், அதற்கும் நூற் சோதனை வேண்டும், அதுவும் விழும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை வானத்தைப் பார்த்து ஆசைப்படும்போது, தடுத்துவிட்டோம் என்று ஆறுதலடைவதும் தவறு. பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவதும் தவறு. 1957இலே தடுக்கப்பட்ட பிள்ளைகள் பலர் ஒளித்துச் செய்தனர். விடப்பட்ட பிள்ளைகள் பலர் காயமுற்றனர். அவர்களுக்கு உதவியவர் பக்கத்திலே அமர்ந்து, எப்படி ஏறும் என்று கேட்ட பிள்ளையிடம், எப்படி இறங்கும் என்று திருப்பிக் கேட்டவரே. இன்று மாலை ஒரு கடதாசியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு நீங்களும் பிள்ளையின் பக்கத்திலே அமர்ந்து, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.